தள்ளுபடி அட்டையும் எடைக்குறைப்பு ஊசியும்: வடசென்னை போட வேண்டிய கணக்கு

சர்க்கரை நோய்க்கென்றே ஒரு மருத்துவமனை என்பதை இந்தியா யோசித்துக்கூடப் பார்க்காத காலம். 1954இல் ராயபுரத்தில் அப்படியொன்று எழுந்தது. ஸ்டான்லி மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளுக்குத் தனிப் பிரிவு நடத்திய பேராசிரியர் எம். விசுவநாதன் தொடங்கிய எம்.வி. மருத்துவமனை அது. துறைமுகக் கூலிகளும் ரயில்வே தொழிலாளர்களும் மீனவர்களும் குடியிருந்த பேட்டையில்தான் இந்தியச் சர்க்கரை நோய் மருத்துவம் நடை பழகியது. நோயாளியை உட்காரவைத்து, என்ன சாப்பிடுகிறாய், எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், காலில் புண் இருக்கிறதா என்று கேட்டு, காலைத் தொட்டுப் பார்த்து வளர்ந்த மருத்துவம் அது.

இன்று அதே தெருக்களில் வேறொரு வழி திறந்திருக்கிறது. கைப்பேசியில் உயரம், எடை, வயது மூன்றையும் தட்டினால் போதும். சிறிது நேரத்தில் ஒரு மருத்துவர் வீடியோவில் வருகிறார். மருந்துச் சீட்டு வாட்ஸ்அப்பில் இறங்குகிறது. வாரம் ஒரு தடவை வயிற்றிலோ தொடையிலோ போட்டுக்கொள்ளும் எடைக்குறைப்பு ஊசி, ஐஸ் பை சுற்றிய பெட்டியில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. கூடவே தள்ளுபடியும் வருகிறது. சில நேரம் அது கம்பெனியின் நோயாளி உதவித் திட்டம் என்ற பெயரில் இருக்கும். சில நேரம் செயலியின் கூப்பன், சில நேரம் மருந்துக்கடைச் சங்கிலியின் உறுப்பினர் அட்டை. பெயர் எதுவானாலும் சேதி ஒன்றுதான்: முழு விலை தர வேண்டாம், உங்களுக்கு மட்டும் குறைவு.

அந்தக் குறைவு உண்மையில் யாருக்குக் குறைவு என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. மருந்தின் மேல் எனக்கு எந்த வழக்கும் இல்லை. இந்த ஊசிகளில் ஒன்றான செமகுளூட்டைடு குறித்து 2021இல் வெளியான ஸ்டெப்-1 ஆய்வில், 68 வாரம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சராசரியாக உடல் எடையில் 14.9 விழுக்காட்டை இழந்தார்கள். வெற்று ஊசி போட்டவர்கள் இழந்தது 2.4 விழுக்காடு. இன்னொரு ஊசியான டிர்செபடைடு குறித்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், உயர்ந்த அளவு மருந்து எடுத்தவர்களுக்கு இழப்பு 20 விழுக்காட்டைத் தாண்டியது. உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இந்த வகை மருந்துகளைத் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. உடல் பருமனோடு சர்க்கரையும், இதய நோயோ சிறுநீரக நோயோ சேர்ந்திருப்பவர்களை மனதில் வைத்துச் சேர்த்தது. உண்மையாகவே பலன் தரும் மருந்து என்பதால்தான் அதன் விலையைப் பற்றி இவ்வளவு கவனமாகப் பேச வேண்டியிருக்கிறது.

தேவையும் நம்மிடம் குறைவில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, தமிழ்நாட்டில் சர்க்கரை நோயின் பரவலை 14.4 விழுக்காடு என்று கணித்தது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இந்த எண்களுக்கு முகம் உண்டு. இரவு ஷிப்ட் முடிந்து விடியலில் வீடு திரும்பி, வெயிலில் தூங்க முடியாமல் புரள்கிற தொழிலாளி ஒருவர். துறைமுக வாசலுக்குள் நுழைய எண்ணூர் விரைவுச்சாலையில் மணிக்கணக்கில் வண்டியிலேயே காத்துக் கிடந்து, கிடைத்த நேரத்தில் கிடைத்த பரோட்டாவைச் சாப்பிடும் டிரெய்லர் ஓட்டுநர் இன்னொருவர். காசிமேட்டில் விடியும் முன்பே கூடையோடு உட்கார்ந்து, நாள் முழுக்க எழுந்து நடக்க வழியில்லாத மீன்காரப் பெண்கள் வேறு. நடைப்பயிற்சிக்குப் போகச் சொன்னால், புகையும் கன்டெய்னர் லாரியும் இல்லாத சாலையை முதலில் காட்ட வேண்டும். இவர்களுக்கு உடல் பருத்ததை மனவுறுதிக் குறை என்று சொல்பவர், அந்த ஷிப்டை ஒரு மாதம் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

அட்டை பிறந்த ஊர்

தள்ளுபடி அட்டை அமெரிக்கச் சரக்கு. அங்கே ஏன் பிறந்தது என்று தெரியாமல் இங்கே அதை அளக்க முடியாது.

அமெரிக்காவில் மருந்து விலையின் பெரும்பகுதியைக் காப்பீட்டு நிறுவனம் கட்டும், நோயாளி தன் பங்காக ஒரு தொகை கட்டுவார். விலை உயர்ந்த மருந்துக்கு நோயாளியின் பங்கை அதிகமாக வைப்பது காப்பீட்டு நிறுவனத்தின் தற்காப்பு. பங்கு அதிகமானால் மலிவான மருந்துக்கு அவரே நகர்ந்துவிடுவார் என்று கணக்கு. மருந்துக் கம்பெனி அந்த இடத்தில் அட்டையை நுழைத்தது. உங்கள் பங்கை நாங்கள் கட்டுகிறோம், எங்கள் மருந்திலேயே இருங்கள் என்றது. நோயாளிக்குச் செலவு குறைகிறது. கம்பெனியோ காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து பெரிய தொகையை வாங்கிக்கொள்கிறது. அந்தத் தொகை அடுத்த ஆண்டு எல்லோருடைய காப்பீட்டுக் கட்டணத்திலும் ஏறுகிறது.

லிப்பிட்டார் கதை இதை அப்பட்டமாகக் காட்டும். கொழுப்பைக் குறைக்கும் அந்த மாத்திரைக்கு 2011 நவம்பரில் அமெரிக்கக் காப்புரிமை முடிந்தது. மலிவான பொதுப்பெயர் (ஜெனரிக்) மாத்திரைகள் சந்தைக்கு வரும் நேரத்தில் பைசர் நிறுவனம் நோயாளியின் பங்கை நான்கு டாலராக்கும் அட்டையை நாடு முழுக்கப் பரப்பியது. மருந்துக்குப் பொதுப்பெயர்ப் போட்டி இல்லாமல் இருந்த ஆண்டுகளில் வராத தாராளம் போட்டி வந்ததும் வந்தது. மலிவான மாற்று மருந்து கிடைக்கும்போது இப்படி அட்டை கொடுத்து நோயாளியை விலை உயர்ந்த மருந்தில் பிடித்துவைப்பதற்குக் கலிபோர்னியா மாநிலம் 2017இல் சட்டம் போட்டுக் கட்டுப்பாடு விதித்தது. மெடிகேர், மெடிகெய்டு போன்ற அரசுத் திட்டங்களில் இருப்பவர்களுக்கு இந்த அட்டைகள் செல்லாது. அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவத்தில் அது லஞ்சத் தடைச் சட்டத்தை மீறியதாகிவிடும்.

எடைக்குறைப்பு ஊசிகளுக்கு வந்த அட்டைகளும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். மாதம் 25 டாலர் என்று பெரிதாகத் தெரியும் எழுத்துக்குக் கீழே நிபந்தனைகள் வரிசையாக இருக்கும். தனியார் காப்பீடு இருக்க வேண்டும், அந்தக் காப்பீடு இந்த மருந்தை ஏற்றிருக்க வேண்டும், ஆண்டுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு உண்டு, காலாவதித் தேதியும் உண்டு. பிள்ளை அமெரிக்காவில் இருக்கும் குடும்பங்கள் நம் பகுதியிலும் ஏராளம். அங்கிருந்து வரும் விளம்பரத்தைப் பார்த்து, 25 டாலர் என்றால் இரண்டாயிரத்துச் சொச்சம்தானே, நமக்கும் கிடைக்காதா என்று கேட்பவர்களுக்கு ஒரே பதில்: அந்த அட்டை அமெரிக்காவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். அதை வைத்து இங்கே யாராவது மருந்து தருவதாகச் சொன்னால் அங்கே உடனே நிறுத்திக்கொள்ள வேண்டும். செமகுளூட்டைடு பிராண்டான ஓசெம்பிக்கின் போலி ஊசிகள் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் உலகம் முழுமைக்கும் எச்சரிக்கை விட்டிருக்கிறது.

அட்டையோடு ஆன்லைன் மருத்துவரும் கைகோத்ததும் அங்கேதான். டிர்செபடைடைத் தயாரிக்கும் எலி லில்லி நிறுவனம் 2024 ஜனவரியில் லில்லிடைரக்ட் என்ற தளத்தைத் தொடங்கியது. நோயாளி கம்பெனியின் தளத்துக்கு வருவார், அங்கிருந்து ஒரு தொலைமருத்துவ நிறுவனத்துக்கு அனுப்பப்படுவார், மருந்து வீட்டுக்கு வரும். விற்பவரே மருத்துவரைக் கைகாட்டினால் அந்த மருத்துவர் வேண்டாம் என்று சொல்வாரா? 2024 அக்டோபரில் டிக் டர்பின் உள்ளிட்ட அமெரிக்க செனட்டர்கள் இதையே கேட்டு எலி லில்லிக்கும் பைசருக்கும் கடிதம் எழுதினார்கள். செமகுளூட்டைடைத் தயாரிக்கும் நோவோ நார்டிஸ்கும் ஹிம்ஸ் அண்ட் ஹெர்ஸ் என்ற தொலைமருத்துவ நிறுவனமும் 2025 ஏப்ரலில் கைகுலுக்கி, ஜூனிலேயே கசப்போடு பிரிந்தன. யார் தயாரித்த செமகுளூட்டைடை விற்பது என்பதில் வந்த சண்டை அது. அங்கே பேரம் நடந்தது கம்பெனிக்கும் தளத்துக்கும் இடையில். நோயாளி அந்தப் பேரத்தில் ஒரு தரப்பாகவே இல்லை.

இங்கே வந்தபோது

இந்தியாவில் நடுவில் காப்பீடு இல்லை. வெளிநோயாளி மருந்தைப் பெரும்பாலான காப்பீடுகள் கொடுப்பதில்லை. உடல் பருமனுக்கான சிகிச்சை பொதுவாகவே விலக்குப் பட்டியலில் இருக்கிறது. மிகவும் பருத்தவர்களுக்கான அறுவைச் சிகிச்சைக்கு மட்டும் நிபந்தனையோடு கதவு திறக்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கான ஏற்பாடுதான். ஆகவே இங்கே கம்பெனி தள்ளிக்கொடுப்பது, அது தானே அச்சிட்ட எம்.ஆர்.பி.யிலிருந்து. விலையை வைப்பவரும் குறைப்பவரும் ஒருவரே. காப்புரிமை உள்ள புது மருந்து எந்த விலையில் சந்தைக்கு வர வேண்டும் என்பதற்கு இங்கே உச்சவரம்பு இல்லை. விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இல்லாத மருந்துக்கு, ஆண்டுக்கு 10 விழுக்காட்டுக்கு மேல் விலையை ஏற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் இருக்கிறது. உயரத்தில் விலையை வைத்துவிட்டு அட்டை காட்டி இறக்கினால், இறக்கியது சலுகையாகத் தோன்றும். உண்மையில் அது முதலிலேயே வைத்திருக்கக்கூடிய விலை.

அறிமுக விலைகளையே பார்ப்போம். எலி லில்லியின் டிர்செபடைடு ஊசியான மவுஞ்சாரோ 2025 மார்ச் 20 அன்று இந்தியாவுக்கு வந்தது. வாரம் ஒரு குப்பி: 2.5 மில்லிகிராம் 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். மாதத்துக்கு 14,000, அடுத்து 17,500. நோவோ நார்டிஸ்கின் செமகுளூட்டைடு ஊசியான வெகோவி அதே ஆண்டு ஜூன் 24 அன்று வந்தது. முதல் மூன்று அளவுகளுக்கும் மாதம் 17,345, நான்காவதுக்கு 24,280, கடைசி அளவான 2.4 மில்லிகிராமுக்கு 26,015 ரூபாய்.

வெகோவியை நான்கு நான்கு வாரமாக அளவு கூட்டிக்கொண்டே போக வேண்டும். நான்கு வார மருந்து அடங்கிய ஊசிப் பேனாக்கள் ஆண்டுக்குப் பதின்மூன்று. அறிமுக விலையில் முதல் மூன்றுக்கு 52,035, நான்காவதுக்கு 24,280, மீதி ஒன்பதுக்கு 2,34,135. ஆக முதல் ஆண்டுச் செலவு 3,10,450 ரூபாய். இந்தச் செலவில் முக்கால் பங்கு கடைசிப் படியில் இருக்கிறது. முதல் பேனாவுக்குப் பாதி விலை என்று ஒரு கூப்பன் வந்தால் மிச்சமாவது 8,700 ரூபாய்கூட இல்லை. ஆண்டுச் செலவில் மூன்று விழுக்காட்டுக்கும் குறைவு. தொடக்கத்துக்குச் சலுகை தரும் எந்தத் திட்டத்தையும் இந்த ஒரு கணக்கால் அளந்துவிடலாம். நுழைவதற்குத்தான் தள்ளுபடி, தங்கியிருப்பதற்கு முழு விலை.

தங்கியிருக்கத்தான் வேண்டும். அதுதான் இந்த மருந்தின் இயல்பு. ஸ்டெப்-1 ஆய்வில் கலந்துகொண்டவர்களில் ஊசியை நிறுத்தியவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது எப்படியோ அப்படி. இறங்கும் எடையோடு கொஞ்சம் தசையும் போகிறது. திரும்பி வருவது பெரும்பாலும் கொழுப்பு. நாலு மாதம் கடன் வாங்கிப் போட்டுவிட்டு, அட்டையின் காலம் முடிந்ததும் நிறுத்திவிடும் ஒருவர், பணத்தையும் இழந்து, தொடங்கிய இடத்தைவிட மோசமான உடலோடு நிற்க நேரலாம். இந்த ஊசியைப் பொறுத்தவரை, பாதியில் நின்றுபோகும் சலுகை சலுகையே இல்லாததைவிடக் கெடுதல் என்பது என் முடிவு.

தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், அதாவது ஈ.எஸ்.ஐ.யில் சேர மாதச் சம்பள வரம்பு 21,000 ரூபாய். திருவொற்றியூர், எண்ணூர், மணலித் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத்தில் வேலை பார்க்கும் எத்தனையோ பேர் அந்த வரம்புக்குள் இருப்பவர்கள். அவர்களில் ஒருவருக்கு அறிமுக விலையில் மாதம் 17,500 ரூபாய் ஊசியை 20 விழுக்காடு குறைத்து 14,000க்குத் தந்தால், வீட்டு வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் அரிசிக்கும் மிஞ்சுவது ஏழாயிரம். இந்தத் தள்ளுபடி அவருக்காகப் போடப்பட்டதில்லை. ஏற்கெனவே வாங்கக்கூடியவர் வேறு கம்பெனிக்குப் போய்விடாமல் இருக்கப் போடப்பட்டது.

திரையில் தெரியாதது

ஆன்லைன் மருத்துவத்தை மொத்தமாகத் தள்ளிவிடுவது நியாயமாகாது. ஸ்டான்லி வெளிநோயாளிப் பிரிவில் வரிசையில் நிற்பதென்றால் அரை நாள் கூலி போகும். வீடியோவில் ஒருவரைப் பார்த்துச் சீட்டைப் புதுப்பித்துக்கொண்டால் அந்த அரை நாள் மிஞ்சும். அரசின் இ-சஞ்சீவனி சேவை 2020 ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறந்தபோது, அதை மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. உடலைப் பற்றிய கேலிக்குப் பயந்து மருத்துவமனைப் பக்கமே போகாத பெண்கள், வீட்டுக்குள் உட்கார்ந்து பேசும்போது மனம் திறக்கிறார்கள் என்பதும் உண்மை. அவர்களுக்கு அந்த வழி அடைபடக் கூடாது.

ஆனால் இந்த ஊசியைத் தொடங்குவதும் தொடர்வதும் வேறு வேறு காரியங்கள். 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் இரண்டையும் பிரித்தே பார்க்கின்றன. எந்த மருந்தை முதல் பேச்சிலேயே எழுதலாம், எதைத் தொடர் சிகிச்சையில் மட்டும் எழுதலாம் என்று பட்டியல் போட்டிருக்கின்றன. நோயை நிர்ணயிக்காமல் மருந்து எழுதினால் அது தொழில் ஒழுக்கக்கேடு என்றும், செயற்கை நுண்ணறிவு மென்பொருள் தானாக மருந்து எழுதக் கூடாது என்றும் சொல்கின்றன. நேரில் பார்க்க வேண்டியவரை நேரில் வரச் சொல்வது மருத்துவரின் கடமை. உயரமும் எடையும் மட்டும் கேட்டுவிட்டு, ஏற்கெனவே நிரப்பி வைத்த சீட்டில் பெயரைச் சேர்த்து அனுப்புவது இந்த நெறிகளின் பொருளுக்கே எதிரானது.

நேரில் பார்க்க வேண்டும் என்பதற்கு வடசென்னையில் ஒரு தனிக் காரணமும் உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. அந்தச் சுகர் மாத்திரைகளில் சிலவகை, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைப்பவை. அவற்றோடு இந்த ஊசியும் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்துபோகலாம். கிரேன் ஓட்டுபவருக்கும் டிரெய்லர் ஓட்டுபவருக்கும் ‘லோ சுகர்’ வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. செயலியில் வரும் மருத்துவருக்கு அந்த மாத்திரை அட்டை தெரியாது. நோயாளியும் அது கவர்மென்ட் மாத்திரைதானே என்று சொல்லாமல் விட்டுவிடுவார். மாத்திரை கொண்டுவரும் அக்காவுக்கோ ஊசி பற்றித் தெரியாது.

இன்னும் கேட்க வேண்டியவை இருக்கின்றன. கணைய அழற்சி வந்திருக்கிறதா, பித்தப்பைக் கல் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா என்று கேட்க வேண்டும். சர்க்கரையால் விழித்திரை கெட்டிருக்கிறதா என்று கண்ணைப் பார்க்காமல் சொல்ல முடியாது. கருத்தரிக்கத் திட்டமிடும் பெண் செமகுளூட்டைடை இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்செபடைடு, கருத்தடை மாத்திரையின் பலனைக் குறைக்கக்கூடும். அதைச் சொல்லாமல் ஊசி எழுதினால் விளைவைச் சுமப்பது அந்தப் பெண். குமட்டலும் வாந்தியும் இந்த மருந்தோடு சாதாரணமாக வருபவை. ஆனால் கொளுத்தும் மே மாதத்தில் உலைக்களத்துப் பக்கம் நின்று வேலை செய்பவருக்கு வாந்தியால் நீர் வற்றினால் சிறுநீரகம் தாங்காது.

மருந்தின் சூடும் கவலைதான். இந்த ஊசிகளை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். குளிர்பெட்டிக்கு வெளியே மவுஞ்சாரோ குப்பி 30 டிகிரிக்குள் 21 நாள்தான் தாங்கும். மே மாதச் சென்னையில், அதுவும் தகரக் கூரை வீட்டில், 30 டிகிரி நள்ளிரவில்கூடக் கிடைக்காது. டெலிவரி பையில் எத்தனை மணி நேரம் சுற்றியது, யார் வாங்கி எங்கே வைத்தார்கள் என்பதற்கு எந்தத் தள்ளுபடியும் உத்தரவாதம் தராது. பெட்டி சூடாக வந்தால் வாங்காதீர்கள் என்று மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

சட்டத்தின் சந்துகள்

1954ஆம் ஆண்டு மாயமருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் சர்க்கரை நோயும் இருக்கிறது, உடல் பருமனும் இருக்கிறது. இவற்றைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களிடம் மருந்தை விளம்பரம் செய்யக் கூடாது. மருத்துவர் சீட்டு வேண்டிய ஷெட்யூல் எச் மருந்துகளை மத்திய அரசின் முன் அனுமதி இல்லாமல் விளம்பரப்படுத்தவும் கூடாது. ஆகவே மருந்தின் பெயரைச் சொல்லாமல், உடல் பருமன் ஒரு நோய், மருத்துவரைக் கேளுங்கள் என்று மட்டும் சொல்லும் விளம்பரங்கள் வருகின்றன. சொல்வது உண்மைதான். ஆனால் அந்த விளம்பரத்துக்கு அடுத்த கட்டத்தில் ஒரு செயலி, அதற்கடுத்து மருந்துப் பெயரோடு ஒரு தள்ளுபடி என்று சங்கிலி கோத்தால், சட்டம் முன்வாசலில் தடுத்தது பின்வாசலில் நுழைந்துவிடுகிறது. சீட்டு மருந்தின் பெயரைப் போட்டு ‘இத்தனை விழுக்காடு குறைவு’ என்று பொதுமக்களுக்கு அனுப்பும் செய்தியை விளம்பரம் என்றே கொள்ள வேண்டும். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அப்படி எடுத்துக்கொண்டு நடவடிக்கை எடுத்தால் புதுச் சட்டம்கூடத் தேவைப்படாது.

2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறித் தொகுப்பு மருத்துவர்களுக்குப் பரிசு தருவதைத் தடுக்கிறது, இலவச மாதிரிகளுக்கு வரம்பு வைக்கிறது. அதன் கண் பெரும்பாலும் கம்பெனிக்கும் மருத்துவருக்கும் இடையே உள்ள உறவின் மேல். கம்பெனியும் செயலியும் நோயாளியும் என்ற புதிய முக்கோணம் அதற்குள் சரியாக அடங்கவில்லை.

ஆன்லைன் மருந்து விற்பனையின் சட்ட நிலையோ இன்னும் அந்தரத்தில் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் மத்திய அரசு வரைவு விதிகளை வெளியிட்டது. தமிழ்நாடு மருந்து வணிகர்கள் சங்கம் தொடுத்த வழக்கில், விதிகள் அறிவிக்கப்படும் வரை ஆன்லைன் விற்பனைக்குத் தடை என்று அந்த ஆண்டு டிசம்பர் 17 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா தீர்ப்பளித்தார். 2019 ஜனவரித் தொடக்கத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நிறுத்திவைத்தது. அதற்குப் பிறகு விற்பனை வளர்ந்த வேகத்துக்கு விதி வளரவில்லை. தண்டையார்பேட்டையிலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் தலைமுறையாகக் கடை நடத்தும் மெடிக்கல்ஸ்காரர், தன் சிறிய லாபத்திலிருந்து பத்து விழுக்காடு குறைப்பதே பெரிது. முதலீட்டாளர் பணத்தில் நஷ்டத்துக்கு விற்கும் செயலியோடு அவர் போட்டி போட முடியாது. அவர் கடை மூடினால், மாத்திரைச் சீட்டைப் பார்த்து ‘இது ரெண்டையும் சேத்து போடக் கூடாதும்மா’ என்று சொல்லும் ஒரு கண்ணும் அந்தத் தெருவில் மூடுகிறது.

அட்டைக்குப் பதிவு செய்யும்போது கொடுக்கிற விவரம் பற்றியும் யோசிக்க வேண்டும். பெயர், தொலைபேசி எண், எடை, சுகர் அளவு, மருந்துச் சீட்டின் படம். 2023ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் எதற்காகத் தரவு வாங்குகிறோம் என்று சொல்லி ஒப்புதல் பெறச் சொல்கிறது. அந்த ஒப்புதல் வாசகம் தமிழில், படிக்கக்கூடிய எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், உங்கள் உடம்பைப் பற்றிய விவரத்தையும் விலையாகக் கொடுத்துத்தான் அந்தத் தள்ளுபடியை வாங்கியிருக்கிறீர்கள்.

விலை எப்படி இறங்கியது

இனி அடிப்படையான விஷயத்துக்கு வருகிறேன். கடந்த ஓராண்டில் இந்த ஊசிகளின் விலையை உண்மையாக இறக்கியது எது?

2025 செப்டம்பர் 22 அன்று மருந்துகள் மீதான ஜி.எஸ்.டி. 12 விழுக்காட்டிலிருந்து 5 ஆனது. மவுஞ்சாரோவின் 14,000 ரூபாய்ப் பேனா 13,125 ஆனது. பதிவு கிடையாது, கூப்பன் கிடையாது, எல்லோருக்கும் ஒரே குறைப்பு. நவம்பரில் நோவோ நார்டிஸ்க் வெகோவியின் விலையை 37 விழுக்காடு வரை வெட்டியது. தொடக்க அளவு 17,345இலிருந்து 10,850க்கு வந்தது, உச்ச அளவு 26,015இலிருந்து 16,400க்கு வந்தது. டிசம்பரில் ஓசெம்பிக்கை 8,800 ரூபாயில் தொடங்கும் மாத விலைக்கு அறிமுகம் செய்தது. கம்பெனிக்கு மனம் இளகிவிட்டதா? இந்தியாவில் செமகுளூட்டைடின் காப்புரிமை 2026 மார்ச்சில் முடியவிருந்தது. டாக்டர் ரெட்டீஸ், சன் பார்மா, ஜைடஸ், நாட்கோ என்று இந்தியக் கம்பெனிகள் வாசலில் வரிசையாக நின்றன. டாக்டர் ரெட்டீஸ் அதைத் தயாரித்து, காப்புரிமை இல்லாத நாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதைத் தடுக்க டெல்லி உயர்நீதிமன்றம் 2025 டிசம்பரிலேயே மறுத்துவிட்டது. காப்புரிமை முடிந்ததும் பொதுப்பெயர் ஊசிகள் வெகோவியின் அறிமுக விலையில் பாதிக்கும் கீழே இறங்கின.

எந்த அட்டையும் தராத இறக்கத்தைக் காப்புரிமையின் கடைசித் தேதி தந்தது. லிப்பிட்டார் கதை இங்கே நினைவுக்கு வர வேண்டும். போட்டி வந்த பிறகுதான் பழைய பிராண்டுகள் நோயாளியைப் பிடித்துவைக்க அட்டைகளைக் கூடுதலாக நீட்டும். இனி வரும் மாதங்களில் தள்ளுபடிச் செய்திகள் பெருகும் என்றே எதிர்பார்க்கிறேன். டிர்செபடைடின் காப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. செமகுளூட்டைடின் மலிவுக்கு நகரக்கூடியவர்களை அங்கே நிறுத்திவைக்கும் முயற்சியும் சேர்ந்தே வரும். ஒரு பிராண்டின் தள்ளுபடி விலையை அதன் எம்.ஆர்.பி.யோடு ஒப்பிடுவது ஏமாற்றுக் கணக்கு. பொதுப்பெயர் மருந்தின் முழு விலையோடு ஒப்பிட்டால்தான் உண்மை தெரியும்.

மலிவான ஊசி என்றதும் இன்னொரு ஆபத்தும் முளைக்கிறது. கல்யாணத்துக்கு ஐந்து கிலோ குறைக்க வேண்டும் என்பவரும் வாங்கத் தொடங்குவார். உடல் நிறைக் குறியீடு 30 அல்லது அதற்கு மேல் உள்ளவர்களுக்கும், 27 அல்லது அதற்கு மேல் இருந்து சர்க்கரையோ இரத்த அழுத்தமோ கூடவே உள்ளவர்களுக்கும்தான் எடைக்குறைப்புக்கு இந்த ஊசி அனுமதிக்கப்பட்டிருக்கிறது. விலை குறையக் குறைய மருத்துவரின் பார்வை கூட வேண்டும்.

அதற்கான கட்டமைப்பு வடசென்னையில் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்டான்லி இருக்கிறது. அயனாவரத்தில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. வீடு தேடிப் போகும் மக்களைத் தேடி மருத்துவப் பணியாளர்களிடம் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு அழுத்தம், யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலம் முழுக்க ஆயிரம் முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. பொதுப்பெயர் செமகுளூட்டைடை அரசு மொத்தமாகக் கொள்முதல் செய்து, ஸ்டான்லியிலோ ஈ.எஸ்.ஐ.யிலோ நேரில் பரிசோதித்து எழுதிய சீட்டுக்கு மட்டும், குளிர்பெட்டி வசதியுள்ள மருந்தகங்கள் வழியாகக் கொடுக்கலாம். சர்க்கரையோடு இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களிடமிருந்து தொடங்கட்டும். தொடர் சிகிச்சையை இ-சஞ்சீவனியில் பார்க்கட்டும். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சேர்த்து அரசு பேசும் விலைக்கு முன்னால் தனித்தனி ஆளுக்கு வரும் கூப்பன் எந்த மூலைக்கு?

அதுவரை, ஊசி வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு: முதல் தடவை நேரில் ஒரு பொது மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ பாருங்கள். வீட்டுக்கு வரும் மாத்திரைகள் உட்பட எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அட்டையை நீட்டுபவரிடம் முதல் மாத விலையைக் கேட்காதீர்கள். பதின்மூன்றாவது பேனாவின் விலையையும், அட்டை எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் கேளுங்கள். இரண்டுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் உங்கள் தொலைபேசி எண்ணைக் கொடுக்காதீர்கள்.